ஒரு காலிக் கட்டம்

“பத்து நிமிஷம் போதும்ணா.”

“இருபத்தஞ்சு. அந்த வளைவுல தண்ணி வண்டி—”

“நான் அளந்துட்டுத்தான்—”

“—தண்ணி வண்டி திரும்புறத நீ என்னிக்காவது பார்த்திருக்கியா? முன்னாடி போய், பின்னாடி வந்து, மறுபடியும் முன்னாடி—”

“—அளந்துட்டுத்தான் சொல்றேன். ஒன்பதரை. பத்துன்னு வச்சுக்கோயேன்.”

“எதுல அளந்த?”

“ஷேர் டாக்சியில.”

“அம்மா, கேட்டுக்கோ. உன் பொண்ணு ஷேர் டாக்சியில போய் நெருப்பை அணைக்கப் போறா.”

“ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டு, எம்பனாதா ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க. எனக்கு நெருப்பும் வேணாம், டாக்சியும் வேணாம்.”

எங்கே தொடங்கியது என்று கேட்டீர்கள், மேடம். இங்கேதான். வால்பராய்சோவில், பெர்தீஸ் மலை மேல், அம்மாவின் வீட்டில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில். அண்ணன் தங்கைச் சண்டை இல்லாத வீடு ஏது. எங்கள் வீட்டுச் சண்டை எப்போதுமே ஓர் எண்ணைப் பற்றித்தான் இருக்கும். சின்ன வயதில் யார் எம்பனாதாவுக்குள் கறியோடு எத்தனை ஆலிவ் காய் என்று. இப்போது நிமிடம்.

அண்ணன் யெர்கோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறான். மிச்ச நேரத்தில் எங்கள் மலைத் தீயணைப்பு நிலையத்தில் தொண்டன். சம்பளம் கிடையாது. மாதச் சந்தா கட்டி, காலணியும் சொந்தச் செலவில் வாங்கிக்கொண்டு நெருப்புக்குள் போகிற கூட்டம் அது. நான் சந்தியாகோவில் எம்.பி.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். அதற்கும் கட்டணம் உண்டு. ஆனால் நெருப்புக்குள் போகச் சொல்லமாட்டார்கள்.

எங்கள் வகுப்பில் வங்கிக்காரன் ஒருவன் இருந்தான், ஒயின் ஏற்றுமதி செய்தவன் ஒருவன், பல் பிடுங்கி அலுத்துப்போன பல் மருத்துவர் ஒருத்தி. முதல் வாரம் எங்களில் பாதிப்பேருக்கு ஆலோசகர் என்றால் என்ன செய்வார் என்று தெரியாது. மூன்றாவது மாதம் வேறெந்த வேலையும் வேலையாகவே தோன்றவில்லை. பெரிய ஆலோசனை நிறுவனங்கள் கல்லூரிக்கு வந்து, சின்னச் சின்ன சாண்ட்விச் கொடுத்து, கைகுலுக்கிவிட்டுப் போவார்கள். அந்த சாண்ட்விச்சை ஒரு கடி கடித்த பிறகு யாரும் வங்கிக்கோ பல்லுக்கோ திரும்பவில்லை.

அந்த நிறுவனங்களின் நேர்முகத் தேர்வுக்கென்று ஒரு பயிற்சி உண்டு. காபிக் கடையில் இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து ஒருவரையொருவர் விசாரிப்போம்.

“நம்ம நாட்டுல வருஷத்துக்கு எத்தனை குடை விக்குது?”

“ஒரு நிமிஷம் யோசிக்கலாமா?”

“தாராளமா.”

“இதை மூணாப் பிரிச்சுப் பார்க்கலாம்.”

குடை யாருக்கும் வேண்டாம். தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல, அவசரப்படாமல், இறங்கிய குரலில் சொல்லப் பழகுவதுதான் பாடம். நான் அதில் வகுப்பிலேயே முதல். இப்போது நீங்கள் கேட்டுக்கொண்டிருப்பது அந்தக் குரல்தான். நேற்று உங்கள் உதவியாளர், “அழவே மாட்டேங்குதே இந்தப் பொண்ணு” என்றார். அது கல் மனசு இல்லை, மேடம். பயிற்சி.

முதல் ஆண்டு முடிந்த கோடையில் அப்படியொரு நிறுவனம் என்னைப் பயிற்சியாளராக எடுத்துக்கொண்டது. கோடை முடிவில் பயிற்சியாளர்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, பிடித்தவர்களுக்கு நிரந்தர வேலை தருவார்கள். எங்கள் மலையிலிருந்து அந்தக் கண்ணாடிக் கட்டடத்துக்குள் துடைப்பம் இல்லாமல் நுழைந்த முதல் ஆள் நான். அந்த வேலை எனக்கு எவ்வளவு தேவைப்பட்டது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை என்று நினைக்கிறேன்.

பணம் கட்டும் வாடிக்கையாளர் பக்கம் பயிற்சியாளரை விடமாட்டார்கள். எதையாவது உடைத்துவிட்டால் என்ன செய்வது. அதனால் எங்களுக்கு இலவச வாடிக்கையாளர்கள்: ஒரு நூலகம், ஓர் அநாதை இல்லம். எனக்கு என் சொந்த ஊர்த் தீயணைப்புத் தொண்டர் சங்கம். ஒவ்வொரு மலைக்கும் தனி நிலையம் தேவையா, சிலவற்றை மூடிவிட்டு வண்டிகளைக் கீழே கடலோரத் தலைமை நிலையத்தில் சேர்க்கலாமா என்பது கேள்வி. கேள்வி என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. என் மேலாளர் க்ளெமென்தே, நல்ல குடும்பம், நல்ல பற்கள், சந்தியாகோவிலிருந்து வரும் காரிலேயே கடைசி ஸ்லைடை எழுத வைத்துவிட்டார்.

“பதிலை முதல்ல எழுது, ரோமினா. ஆதாரம் பின்னாடியே வரும்.”

“வரலேன்னா?”

“வரும். நாமதான் கூப்பிடணும்.”

என் மலை நிலையத்தை மூட வேண்டும் என்பது பதில். நான் அதற்கு எதிர்ப்புச் சொல்லவில்லை. சொந்த ஊர்ப் பாசம் முடிவுகளைக் கெடுத்துவிடும் என்று எங்களுக்கு ஒரு பாடமே இருந்தது.

நிலையத்தில் சம்பளம் வாங்கும் ஆள் ஒருவர்தான். அங்கேயே ஓர் அறையில் குடியிருந்துகொண்டு, வண்டியைத் துடைத்து, மணி அடித்தால் ஓட்டிக்கொண்டு போகிறவர். லாலோ மாமா என்று மலை முழுக்கக் கூப்பிடும். உறவு ஒன்றும் கிடையாது. அவரைப் பற்றி இப்போது எல்லாரும் பெரிதாகப் பேசுகிறார்கள். உண்மையில் அவர் டோமினோ ஆட்டத்தில் ஏமாற்றுவார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஒரு பன்றி ஹாம் தொடைக்குக் குலுக்கல் சீட்டு விற்பார். அந்தத் தொடையை ஜெயித்தவர் யாரையும் நான் சந்தித்ததில்லை.

“வாங்க டாக்டரம்மா. யாருக்கு ஊசி போட வந்திருக்கீங்க?”

“வேலை பார்க்கறதைக் கவனிக்க வந்திருக்கேன் மாமா. நான் இருக்கேன்னு நினைக்காதீங்க. வழக்கம்போல இருங்க.”

வழக்கம்போலவே இருந்தார். மதியச் சாப்பாடு முடிந்ததும் நாற்காலியைச் சுவரில் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். கிளிக் சத்தத்தில் ஒரு கண்ணைத் திறந்தார்.

“தூக்கத்தையா எழுதிக்கற? குறட்டையையும் சேர்த்துக்கோ. அதுக்கு நான் தனியா காசு வாங்கறதில்ல.”

அந்தப் படத்தை ஏழாவது ஸ்லைடில் போட்டோம். மேலே தலைப்பு: ‘பயன்படாத திறன்’. க்ளெமென்தேவுக்கு அந்த ஸ்லைடு ரொம்பப் பிடித்துப்போனது. அதைவிட அவருக்குப் பிடித்தது சந்தா விஷயம்.

“இரு இரு. வேலை செய்யறவங்களே காசு கட்டறாங்களா?”

“ஆமா. மாசாமாசம்.”

“இதை ஏன் நம்ம மத்த வாடிக்கையாளர் யாரும் யோசிக்கல?”

விளையாட்டுக்குத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஆனால் எழுதிக்கொண்டார்.

ஒரு வண்டி மாதத்தின் பெரும்பகுதி நின்றுகொண்டே இருக்கிறது, மேடம். நிற்கும் எதையும் பார்த்தால் எங்களுக்குக் கை துறுதுறுக்கும். நெருப்பு வராத நேரத்தில் தீயணைப்பு வண்டி என்னதான் செய்ய வேண்டும் என்று யெர்கோ கேட்டான். நல்ல கேள்வி. நேரமிருந்தால் அதற்கும் ஒரு ஸ்லைடு போட்டிருப்பேன்.

சங்கத்துத் தலைவர்கள் தயங்கினார்கள். ஒரு வாரம் சோதித்துப் பார்க்கலாம் என்று க்ளெமென்தே சொன்னார். எங்கள் மலை வண்டி ஒரு வாரத்துக்குக் கீழே நிற்கும். அந்த வாரத்தில் மலையில் தீ ஏற்பட்டால், கீழிருந்து வண்டி வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்போம். பத்து நிமிடத்துக்குள் வந்தால் மலை நிலையம் தேவையில்லை. வியாழக்கிழமை கடைசிக் கூட்டம். வண்டியோடு யெர்கோவும் கீழே போனான், ஓட்டுவதற்கு. லாலோ மாமாவின் வேலைதான் புதிய ஏற்பாட்டில் முதலில் போவது என்பதால் அவரைச் சோதனையில் சேர்க்கவில்லை.

“இந்த வாரம் நீங்க இல்ல மாமா.”

“இல்லன்னா? இங்கதானே நிக்கறேன்?”

“வரைபடத்துல இல்ல.”

“அப்படியா. அப்ப இந்த வயித்துக்கு நீயே ஒரு வார்த்தை சொல்லிடு, சாப்பாடு கேக்குது.”

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் நான் முதலில் சொன்ன சண்டை. மறுநாள் காலையில் ரொட்டிக் கடைக்காரி என்னைப் பார்த்து, “ஷேர் டாக்சி வந்தாச்சு, வழி விடுங்க” என்றாள். யெர்கோவின் வேலை. செவ்வாய்க்கிழமைக்குள் மலை முழுக்க எனக்கு அதுதான் பெயர். நான் கோபப்படவில்லை. எண் வந்ததும் அவனே அடங்கிவிடுவான் என்று தெரியும்.

எண்தான் வரவில்லை.

அந்த வாரம் கடல் மூட்டம் மலையை விட்டு இறங்கவே இல்லை. துணி காயவில்லை. குப்பைத்தொட்டி ஒன்றுகூடப் பற்றவில்லை. கோடைக்காலத்தில் எங்கள் ஊரில் இப்படி நடப்பது அபூர்வம். அம்மா தினமும் மாதா படத்துக்கு நன்றி சொன்னாள். நான் ஜன்னலில் நின்று வானத்தைப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை மாலை க்ளெமென்தே சந்தியாகோவிலிருந்து கூப்பிட்டார்.

“பதினோராவது ஸ்லைடுல ஒரு கட்டம் காலியா இருக்கே?”

“வண்டி வந்த நேரம். இன்னும் தீ எதுவும் பிடிக்கல.”

“இதைக் கூட்டத்துல எப்படிச் சொல்றது? ‘எங்க யோசனை பிரமாதம், தீதான் ஒத்துழைக்கல’ன்னா?”

“சோதனையை இன்னொரு வாரம் நீட்டலாமா?”

“இலவச வாடிக்கையாளருக்கா?” சிரித்தார். “ரோமினா, காலிக் கட்டத்தோட உன்னை யார் முன்னாடியும் நிக்கவைக்க எனக்கு மனசில்ல. நிரப்பிடு. நீ அந்த ஊர்க்காரிதானே.”

எப்படி நிரப்புவது என்று அவர் சொல்லவில்லை. அதை நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நல்ல மேலாளர் ‘எப்படி’ என்று சொல்லமாட்டார்.

நான் ஏன் செய்தேன் என்று கேட்டால் மூன்று காரணங்கள். ஒன்று, கட்டம் காலியாக இருந்தது. இரண்டு, என்னை எல்லோரும் ஷேர் டாக்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாவதைப் பிறகு சொல்கிறேன்.

இடம் தேர்ந்தெடுத்ததில் என்மேல் யாரும் குறை சொல்ல முடியாது. பள்ளத்தாக்கின் ஓரத்தில் தகரமும் பலகையுமாய் ஒரு குடிசை. குடிகாரர் காச்சோ எப்போதாவது வந்து படுத்துக்கொள்வார். அந்த வாரம் அவர் கால் முறிந்து மருத்துவமனையில் இருந்தார். வாய்வழிச் செய்தியை நம்பக்கூடாது என்பதற்காகப் புதன்கிழமை காலையில் நானே போய்ப் பார்த்தேன். கொஞ்சம் பீச் பழம் வாங்கிப்போனேன்.

“இன்னும் எத்தனை நாள் இருக்கச் சொல்றாங்க?”

“ரெண்டு வாரமாம். உன்னை மாதிரி நல்ல மனசுக்காரி இந்த மலையில யாரும்மா இருக்கா? என் பொண்ணுகூட எட்டிப்பார்க்கல.”

ஆக, குடிசை காலி. அடுத்தது பாதை. வண்டி நிற்க இடமிருந்தது. அடுத்தது காற்று. மதியத்துக்கு மேல் தெற்கேயிருந்து அடிக்கும். அம்மா வீடு அந்தப் போக்கில் இல்லை. யார் வீடுகள் அந்தப் போக்கில் இருந்தன என்று நேற்று கேட்டீர்கள். அது ஆய்வின் எல்லைக்குள் வரவில்லை, மேடம். எல்லை போட்டுக்கொள்ளாவிட்டால் எந்த ஆய்வும் முடியாது.

புதன்கிழமை மதியம் மூட்டம் விலகி வெயில் வந்தது. அம்மா ஈரத் துணிகளையெல்லாம் கொண்டுபோய்க் கொடியில் போட்டாள். நான் உலாவிவிட்டு வருகிறேன் என்று சொல்லிக் கிளம்பினேன். குடிசைக்குள் ஒரு பழைய மெத்தை இருந்தது. அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பிறகு நான் பள்ளத்தின் எதிர்ப்பக்கம் ஏறி, படிக்கட்டில் உட்கார்ந்து கைபேசியில் நேரம் அளக்கும் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி, ஏன் நானே தீயணைப்புக்குக் கூப்பிடவில்லை என்பது. நான் கூப்பிட்டால் சோதனை கெட்டுவிடும். வழக்கமாகத் தீயைப் பார்க்கிற ஒரு சாதாரண ஆள் சாதாரணமாகப் பார்த்து, சாதாரணமாகக் கூப்பிட வேண்டும். அப்போதுதான் அந்த எண்ணுக்கு மதிப்பு. அளக்கிறவர் கை வைக்கக் கூடாது. இது முதல் பருவத்திலேயே வரும் பாடம்.

மதிய நேரம். எல்லோரும் தூங்கிக்கொண்டிருந்தார்கள் போல. யாரும் பார்க்கவில்லை. புகை நான் நினைத்ததைவிடக் கறுப்பாக இருந்தது.

முதலில் பார்த்தவர் லாலோ மாமா. நிலையத்து மாடியிலிருந்து பார்த்திருக்கிறார். வண்டி இல்லை. ஒரு கையில் வாளி, இன்னொரு கையில் சின்ன அணைப்பான், காலில் வீட்டுச் செருப்பு. அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. எங்கள் வரைபடத்தில் அவர் அந்த வாரம் இல்லை.

பள்ளத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து என்னைப் பார்த்துவிட்டார்.

“ரோமி, ஃபோன் பண்ணிட்டியா?”

நான் கைபேசி இருந்த கையை உயர்த்தினேன். அதற்கு ஆமாம் என்று அர்த்தமில்லை. அவர் அப்படி எடுத்துக்கொண்டார்.

“நல்ல பொண்ணு. காச்சோ உள்ள இருக்கானா, பார்த்தியா?”

இல்லை என்று எனக்குத் தெரியும். காலையில்தான் அவரோடு பேசிவிட்டு வந்திருக்கிறேன். தலையை ஒரு முறை ஆட்டியிருந்தால் போதும். ஆனால் உனக்கெப்படித் தெரியும் என்று கேட்பார். லாலோ மாமா அப்படித்தான். டோமினோவில் ஏமாற்றுகிறவர்களுக்கு அடுத்தவர் முகத்தைப் படிக்கத் தெரியும். ஒரு நல்ல பதில் யோசிக்க எனக்கு ஒரு நிமிடம் தேவைப்பட்டது. பயிற்சியில் அந்த நிமிடம் எப்போதும் தருவார்கள்.

“டேய் காச்சோ, எந்திரிடா. குடிச்சுட்டுக் கெடக்கியா?” என்று கத்திக்கொண்டே அவர் வாளித் தண்ணீரைத் தன் தலையில் ஊற்றிக்கொண்டு உள்ளே போனார்.

யார் கூப்பிட்டார்கள் என்று பிறகு தெரிந்தது, மேல் வீட்டு அம்மாள். எப்போது கூப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது. கீழே சைரன் கேட்டதும் கடிகாரத்தை ஓடவிட்டேன். ஆனால் காற்று எதிர்ப்பக்கம். சைரன் எப்போது தொடங்கியது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது. அதைவிட மோசம், வண்டி வளைவில் திரும்பி வந்து நின்றபோது கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டேன். குடிசையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். எனக்கு அப்படியெல்லாம் கவனம் சிதறுவதில்லை. இந்த முழு விஷயத்தில் நான் செய்த தவறு என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், அதைத்தான் சொல்வேன்.

யெர்கோதான் உள்ளே போய் அவரைத் தூக்கி வந்தான். அவன் கையில் தோல் போனது அப்போதுதான். அதற்குள் நெருப்பு மேலே ஏறி நான்கு வீடுகளைப் பிடித்துவிட்டது. வீட்டிலிருந்தவர்கள் வெளியே வந்துவிட்டார்கள். லாலோ மாமா மட்டும்தான்.

சவ அடக்கத்துக்குப் போனேன். போகாமல் இருப்பது நன்றாக இருக்காது. தொண்டர்கள் சீருடையில் வரிசையாக நின்றார்கள். தலைவர் ஒவ்வொரு பெயராக வாசிக்க, ஒவ்வொருவரும் “இருக்கிறேன்” என்றார்கள். லாலோ மாமாவின் பெயர் வந்ததும் எல்லோரும் சேர்ந்து, “பணியில் இறந்தார்” என்றார்கள். அது அவர்கள் வழக்கம். தரவுப்படி அது சரியில்லை. அந்த வாரம் அவர் பணியில் இல்லை. நான் அங்கே எதுவும் சொல்லவில்லை. அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். “அவன் ஹாம் தொடையை ஒருத்தருக்குமே கொடுக்கலடி” என்றாள்.

கடைசிக் கூட்டம் ஒரு வாரம் தள்ளிப்போனது. க்ளெமென்தே கறுப்பு டை கட்டிக்கொண்டு வந்தார். ஏழாவது ஸ்லைடை நீக்கிவிட்டார். அதில் அவருக்கு நல்ல நாகரிகம் உண்டு. பதினோராவதையும் நீக்கினார். பதிலாக ஒரு புதிய ஸ்லைடு: இந்தத் துயரம் ஏன் நேர்ந்தது என்று விரிவாக ஆராய வேண்டியது அவசியம். நகராட்சி அதற்கு உடனே ஒப்புக்கொண்டது. இரண்டாம் கட்டம். இந்த முறை இலவசம் இல்லை.

“உன்னாலதான் இது கிடைச்சுது, ரோமினா,” என்றார் காரில். “ஊரை நல்லாத் தெரிஞ்ச ஒருத்தி குழுவுல இருக்கான்னு மேயருக்கு ரொம்ப நிம்மதி.”

நான் எப்படிப் பிடிபட்டேன் என்று பத்திரிகைகளில் வேறுவேறு விதமாக எழுதுகிறார்கள். நான் பிடிபடவில்லை, மேடம். நானே சொன்னேன்.

நிரந்தர வேலைக்கான இறுதி நேர்முகம். மேசைக்கு அந்தப் பக்கம் க்ளெமென்தே, ஆள் சேர்ப்புப் பிரிவிலிருந்து ஓர் அம்மாள், ஒரு பங்குதாரர். குடை பற்றியெல்லாம் கேட்கவில்லை. பங்குதாரர், “தடை வந்தப்போ யாரும் சொல்லாமலே நீங்களா முன்வந்து செஞ்ச ஒரு காரியத்தைச் சொல்லுங்க,” என்றார். இந்தக் கேள்விக்கு எல்லோரும் கல்லூரி விழாவில் மேடை சரிந்த கதையைச் சொல்வார்கள். நானும் ஒரு மேடைக் கதை தயாரித்து வைத்திருந்தேன். ஆனால் நிறுவனத்தின் மதிப்பீடுகள் வரவேற்பறைச் சுவரில் எழுதியிருக்கும். அதில் இரண்டாவது நேர்மை. எல்லாரையும்விட என்னிடம் நல்ல கதை இருக்கும்போது மேடைக் கதை எதற்கு என்று தோன்றியது.

சூழல், பொறுப்பு, செயல் என்று வரிசையாகச் சொன்னேன். குரல் இறங்கியே இருந்தது. இதே குரல். பாதியில் ஆள் சேர்ப்பு அம்மாள் எழுந்து வெளியே போனார். உங்களைக் கூப்பிடத்தான் என்று இப்போது தெரிகிறது. பங்குதாரர் தண்ணீர் டம்ளரைக் கையில் எடுத்து, குடிக்காமல் வைத்தார். க்ளெமென்தே மட்டும் பழக்கதோஷத்தில் பேனாவைப் பிடித்துக்கொண்டே கேட்டார்.

“முடிவு?”

சூழல், பொறுப்பு, செயல், முடிவு. நான்காவது என்னிடம் இல்லை. “அளவீடு முழுமையடையவில்லை,” என்றேன். அவர் முகம் மாறியதைப் பார்த்தேன். நீங்கள் அதை அதிர்ச்சி என்கிறீர்கள். எனக்கு அது ஏமாற்றமாகத்தான் தெரிந்தது. ஒரு நல்ல பதிலின் கடைசி வரி விழாமல் போனால் எந்த மேலாளரும் அப்படித்தான் பார்ப்பார்.

மூன்றாவது காரணத்தைச் சொல்வதாகச் சொல்லியிருந்தேன். அப்படி ஒன்று கிடையாது. மூன்று இருக்கிறது என்று சொல்லித் தொடங்கினால் கேட்பவர் நடுவில் குறுக்கிடமாட்டார் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீங்களும் குறுக்கிடவில்லை.

ஆமாம், தீ வைத்தது நான். குடிசை காலி என்று தெரிந்திருந்தும் அவர் உள்ளே போனபோது சும்மா இருந்ததும் நான். இந்த இரண்டு வரியைத்தானே எழுதிக்கொள்ளக் காத்திருந்தீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்தும் போடுகிறேன். எனக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் தெரிய வேண்டும். உங்கள் உதவியாளரைக் கேட்டேன், சொல்லவில்லை. என் வக்கீலைக் கேட்டேன், எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டார்.

அண்ணனைக் கூட்டி வந்திருக்கிறீர்களா. நல்லது. அவனைத்தான் கேட்க வேண்டும். அன்றைக்கு வண்டியை ஓட்டியது அவன்தான்.

“வாண்ணா. உட்காரு. கைக்கட்டு மாத்திட்டாங்களா? அம்மா சாப்பிடறாளா?”

அவன் உட்காரவில்லை. கதவோரமாகவே நிற்கிறான்.

“சரி, நின்னுக்கிட்டே சொல்லு. நீ சொன்னா நான் நம்புவேன். அன்னிக்கு ஃபோன் வந்ததுலேருந்து வண்டி மேல வந்து நிக்கற வரைக்கும் எத்தனை நிமிஷம் ஆச்சுண்ணா? பத்துக்குள்ளதானே?”